வெறும் வயிறு

காலை ஆறு இருபது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், மகள் அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "மாமி கோயிலாலை வந்திட்டா. நீங்கள் எங்கை?" நான் துறைமுகத்தில், கப்பல்களைக் கட்டி நிறுத்தும் மேடையில் நின்றேன். விடுப்பு எடுத்திருந்தும், அன்று வரவிருந்த கப்பலின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஓடிப் போயிருந்தேன். "இந்தா வாறன்" என்று பதில் தட்டினேன். நான் அதைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஆஸ்பத்திரி வாட்டில், மகளின் மாமி, அதாவது என் அக்கா, தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்திருக்கிறாள். பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த பால். அதை ஒரு கிளாசில் ஊற்றி மகளிடம் நீட்டியிருக்கிறாள். அர்ச்சனைத் தட்டில் இருந்த கதலிப்பழம் ஒன்றையும் உரித்துக் கொடுத்திருக்கிறாள். மகள் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருக்கிறாள்.

அன்று, வியாழக்கிழமை காலை, முதல் ஆளாக அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன். பதினைந்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மனைவி குளியலறை வரிசையில் நின்றுவிட்டு ஈரத் தலையோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அக்கா மகளின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, வாசல் கடையின் வாழைப்பழத் தோலுக்காக எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு வழக்கம்போலக் காத்து நின்றன. மகள் அவற்றைக் காட்டி, "அதுகளும் என்னைப் போலத்தான், பசியிலை நிக்குதுகள்" என்று சொல்லிச் சிரித்தாள். பசி என்றுதான் சொன்னாள். பால் குடித்த பிள்ளை பசி என்று சொன்னதை நான் எத்தனை தரம் திரும்பத் திரும்ப நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் பின்னேரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாட்டில் இருந்த தாதி ஒருவர், மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது, எங்களிடம் வந்து விளக்கமாகத்தான் சொன்னார்.

"நாளைக்குக் காலம ஒப்பரேசன். ராவைக்குப் பொறகு ஒண்டும் குடுக்கப்படாது. வெறும் வயிறா இருக்கணும். நோன்பு பிடிக்கிற மாதிரி எண்டு வெச்சுக்கங்க."

அக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் மிஸ். நான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கிறனான். இவளும் போன வருசம் என்னோடை மூண்டு நாள் இருந்தவள்."

மிஸ் சிரித்தார். "அப்ப உங்களுக்கு நான் சொல்லவே தேவல்ல."

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை. அவர் தெரிந்ததைச் சொன்னார், அக்கா தெரிந்ததைச் சொன்னாள்.

மகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது நானும் மனைவியும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு வரை போனோம். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வெளியே வந்து நின்று கேட்டார். தாய்மொழி சிங்களம். ஆனாலும் தமிழில் கேட்பதற்கென்று பழகி வைத்திருந்தார். பெயர் என்ன, எந்தப் பக்கம் நோகுது, எந்த மருந்தாவது ஒத்துவராதா. பிறகு, "காலையில ஏதாவது சாப்பிட்டதா?"

"இல்லை டொக்டர்," என்றாள் மனைவி. "பச்சைத் தண்ணியும் வாயிலை படேல்லை." அவள் அறிந்தவரை அது உண்மை.

டொக்டர் மகளைக் குனிந்து பார்த்தார். "மகள்? சாப்பிட்டதா?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள். அதுவும், அவள் அறிந்தவரை, உண்மை.

கதவு மூடியது.

அதற்குப் பிறகு கதவு திறந்த விதமே பிழையாக இருந்தது. ஒரு தாதி ஓடினார். இன்னொருவர் ஏதோ இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எங்களை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் முயற்சி எடுத்தார்கள், அதுதான் என்னை எழும்பி நிற்க வைத்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். நான் மறுபடி எழும்பினேன்.

டொக்டர் வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் கசக்கி வைத்திருந்தார்.

"மயக்கம் வாற நேரம் சத்தி எடுத்தது. வயிற்றில பால் இருந்தது. அது நெஞ்சுக்குள்ள போனது. ஒப்பரேசன் முடிச்சாச்சு, அது பிரச்சினை இல்லை. ஆனா அவவுக்குத் தானா மூச்சு எடுக்க ஏலாது. மெசின் எடுக்குது."

"பாலோ?" என்றாள் மனைவி. "என்ன பால்?"

பின்னால் கதிரையில் இருந்த அக்கா சத்தமில்லாமல் எழுந்தாள். "அபிஷேகப் பால்," என்றாள். "ஒரு கிளாஸ்கூட இல்லை. கால் கிளாஸ் வந்திருக்கும். அது பிரசாதமல்லோ, சாப்பாடில்லையே."

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையை நான் அதுவரை கண்டதில்லை. கல்யாணமான நாள் தொட்டு அவர்கள் இருவரும் ஒரே குசினியில் சிரித்துச் சமைத்தவர்கள்.

"மச்சாள், வெறும் வயிறா இருக்கோணும் எண்டு அந்தப் பிள்ளை உங்கடை முகத்தைப் பாத்துத்தானே சொன்னவ? காது கேக்கேல்லையோ?"

"கேட்டது. அதுதானே ஒண்டும் குடுக்கேல்லை."

"ஒண்டும் குடுக்கேல்லையாம்! அப்ப என்ரை பிள்ளையின்ரை நெஞ்சுக்குள்ளை பால் எங்காலை வந்தது? பிள்ளையார் வந்து ஊத்தினவரோ?"

அக்கா சீலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "அவனுக்கு நாங்கள் கோயிலுக்குப் போகேல்லை. அதுதான் இந்தமுறை விடியவே போனனான்."

அவன் என்றது எங்கள் தம்பியை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காய்ச்சலோடு அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு ஊசி போட்டார்கள். போட்ட கையோடு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, அன்றே போய்விட்டான். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. என்ன ஊசி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டொக்டர் என்று ஒருவர் அந்த நாட்களில் அங்கே இருந்ததே பெரிய காரியம். செத்தவீடு முடிந்த பிறகு அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுபோய் அந்த டொக்டரிடம் கொடுத்து, "எங்களுக்காகக் கஷ்டப்பட்டனீங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். விதி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்குள் டொக்டர், ஊசி, மருந்து, நாங்கள் எல்லாரும் அடங்கினோம்.

என் தலைமுறைக்கு அந்தச் சொல் போதவில்லை. எங்களுக்கு ஆள் வேண்டும். யார் பிழை விட்டது? அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, கண்ணாடி வழியாக அந்த இயந்திரம் மூச்சை உள்ளே தள்ளுவதையும் எடுப்பதையும் பார்த்துக்கொண்டு, எனக்கும் முதலில் வந்தது அதுதான். மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் அது அவள் ஏற்றி இறக்குவது இல்லை. வாயில் குழாய், கையில் குழாய். பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நடைபாதையின் முடிவுக்குப் போவேன். அங்கே போனதும், நான் பார்க்காத நேரத்தில் ஏதாவது நடந்துவிடும் என்று திரும்பி ஓடி வருவேன்.

சனிக்கிழமை காலை கனடாவிலிருந்து என் மச்சான், மனைவியின் அண்ணன், தொலைபேசியில் வந்தார்.

"நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்? அந்த மிஸ்ஸின்ரை பேர் என்ன? பேரை எடுத்து அனுப்பும், நான் முகப்புத்தகத்திலை போடுறன். இஞ்சை எண்டால் இந்நேரம் கேஸ் போட்டிருப்பம்."

"அவ சொன்னவ மச்சான். வெறும் வயிறா இருக்கோணும் எண்டு சொன்னவ."

"சொன்னால் காணுமோ? சரியாச் சொல்லேல்லை. அல்லது அந்த டொக்குத்தர் சரியாக் கேக்கேல்லை. ஆரோ ஒராள் பிழை விடாமல் இப்பிடி நடக்குமோ? விட்டிட்டீர் எண்டால் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் இதுதான்."

கடைசியாகச் சொன்னது என்னைக் குத்தியது. அழைப்பை வெட்டிவிட்டு நேரே வாட்டுக்குப் போனேன், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரத்தான். நடக்கும்போது கோபம் உடம்புக்குச் சுகமாக இருந்தது. முதல் தடவையாக எனக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

மிஸ் அங்கே நின்றார். கண் வீங்கியிருந்தது. மகள் படுத்திருந்த கட்டிலில் இப்போது கைமுறிந்த ஒரு சின்னப் பையன். பக்கத்தில் அவனுடைய தகப்பன், இலங்கைத்துறையிலிருந்து வந்த மீன்பிடிகாரர். மிஸ் அவரிடம் ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்: "ஒண்டும் குடுக்கப்படாது. ஒண்டுமே. விளங்கிச்சா?" தகப்பன் ஓம் ஓம் என்று தலையாட்டினார். மிஸ் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பையனின் கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்க் இருந்தது.

"அண்ணை, அதுக்குள்ளை என்ன?" என்று கேட்டேன்.

"கொத்தமல்லி அவிச்ச தண்ணி. ஒரு நுள்ளுச் சீனிதான் போட்டது," என்றார் அவர். "உளைவுக்கு நல்லதெண்டு மனுசி தந்துவிட்டவ."

"குடுக்கப்படாது எண்டு இப்பதானே மிஸ் சொன்னவ?"

"ஓம், சாப்பாடு குடுக்கப்படாது. இது மருந்தல்லோ ஐயா."

பெயரைக் கேட்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

துறைமுகத்தில் எங்கள் மேடையில் ஒரு விபத்து நடந்தது. கப்பலை இழுத்துப் பிடிக்கும் கயிறு அறுந்தால் அது சாட்டை மாதிரி அடிக்கும். அடிக்கும் வழியில் நிற்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஒருவர் நின்றார். கால் போய்விட்டது. விசாரணைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "கவனயீனம்" என்று முடித்தோம். மேற்பார்வையாளரை வேறு இடத்துக்கு மாற்றினோம். எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டோம். கொஞ்சக் காலம் போக, அதே இடத்தில் இன்னொருவர் அடிபட்டார். தோள் எலும்பு. இந்தமுறை வெளியிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மத்தியான வெயிலில் போய் மேடையில் நின்றார். நின்று பார்த்தால், அந்த நேரத்தில் முழு மேடையிலும் நிழல் விழுவது அந்த ஒரே இடத்தில்தான். பண்டகசாலைக் கூரையின் நிழல். கப்பல் வரும்வரை காத்து நிற்பவர்கள் வேறு எங்கே நிற்பார்கள்? தள்ளி ஓரிடத்தில் தகரக் கூரை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நிற்காதே என்று யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை.

இதை நான் துறைமுகத்தில் எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் எனக்கு அது மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் நாங்கள் டொக்டர் கடவுள் என்போம், அல்லது டொக்டர் கொலைகாரன் என்போம். நடுவில் ஒரு மேடை இருக்கிறது, அதில் ஒரு நிழல் விழுகிறது என்று நினைப்பதில்லை.

மிஸ்ஸின் பெயரை எடுத்துக் கொடுக்கலாம். அவரை மாற்றுவார்கள். அடுத்து வருபவரும் "ஒண்டும் குடுக்கப்படாது" என்றுதான் சொல்வார். பிளாஸ்க் அங்கேயே இருக்கும்.

பிளாஸ்க்கைத் திறக்க வேண்டாம் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, நான் மயக்க மருந்து டொக்டரைத் தேடிப் போய், விஷயத்தைச் சொன்னேன். அவர் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து வாட்டுக்கு ஓடினார். ஒரு மணித்தியாலம் போக, மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் இருந்த நடைபாதைக்கு வந்தார். மனைவி ஒரு முனையில், அக்கா மறுமுனையில், இடையில் யாரும் இல்லாத ஐந்தாறு கதிரைகள். டொக்டர் அக்காவின் பக்கத்தில் போய் இருந்தார்.

"அம்மா, நான் பிழை சொல்ல வரேல்லை. அன்றைக்கு என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க."

அக்கா சொன்னாள். கோயில், அபிஷேகம், தூக்குச்சட்டி. "நாங்கள் விரதத்துக்குப் பாலும் பழமும் எடுக்கிறனாங்கள் டொக்டர். அதை எடுத்தாலும் விரதம்தான். சோறு சாப்பிட்டால்தான் விரதம் முறிஞ்சது."

மிஸ் வாயில் கையை வைத்தார். "யா அல்லாஹ். நான் நோன்பு மாதிரி எண்டு சொன்னனே. எங்களுக்கு நோன்பெண்டா ஒரு சொட்டுத் தண்ணி ஏலாது. எச்சிலைக்கூடப் பாத்துத்தான் விழுங்குவம். நீங்களும் அப்பிடித்தான் எண்டு நான்..."

டொக்டர் மெல்லச் சொன்னார்: "எங்கட அம்மா போயாவுக்கு, பௌர்ணமி நாளுக்கு, சில் எடுப்பா. அதுவும் விரதம் மாதிரித்தான். பகலுக்குப் பிறகு சாப்பிட மாட்டா. ஆனா பிளேன்டீ குடிப்பா. மூன்று தரம், நாலு தரம். கேட்டா, நான் ஒன்றும் சாப்பிடேல்லை என்றுதான் சொல்லுவா." மிஸ்ஸைப் பார்த்தார். "நான் கதவில நின்று என்ன கேட்டனான்? சாப்பிட்டதா என்று கேட்டனான். அவங்க இல்லை என்று சொன்னாங்க. என் கேள்விக்கு அது சரியான பதில்."

மனைவி அழத் தொடங்கினாள். அது கோபத்தின் அழுகை இல்லை. ஆனாலும் அவள் அக்காவின் பக்கம் போகவில்லை. டொக்டர் விளக்கினார் என்பதற்காக அந்த இடைவெளிக் கதிரைகள் உடனே நிரம்பிவிடவில்லை. கேள்வியின் பிழை என்று தெரிந்ததால் மகளின் நெஞ்சு தானாக ஏறி இறங்கவும் இல்லை. எனக்கும் அது ஆறுதலாக இருக்கவில்லை. கோபப்பட ஆள் இருந்தபோது நான் ஓரிடத்தில் இருந்தேன். இப்போது மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயை எடுத்துப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். எடுத்தால் அவள் தானாக மூச்சு எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் மறுபடி போடுவார்கள், அது நல்லதில்லை என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, என் மூச்சை அடக்கி, எவ்வளவு நேரம் முடிகிறது என்று பார்த்தேன். முட்டாள்தனம். விட்டுவிட்டு மறுபடி அடக்கினேன்.

அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடையிலிருந்து நான் வாங்கி வந்த பணிஸ் அவள் மடியில் அப்படியே கிடந்தது. மனைவி எழுந்து போய், பக்கத்தில் இருக்காமல் முன்னால் நின்று, "மச்சாள், அதைத் தின்னுங்கோ. நீங்களும் விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?" என்றாள். குரலில் இன்னும் முள் இருந்தது. அக்கா பணிஸைப் பிய்த்து வாயில் வைத்தாள். விழுங்கவில்லை.

கதவு திறந்தது. டொக்டர் வருவார் என்று நான் எழுந்தேன். வந்தது மிஸ். அன்று அவருக்கு வேலை நாள் இல்லை. சீருடை இல்லாமல், வீட்டு உடுப்பில், பெரிய முக்காட்டோடு வந்திருந்தார். எப்போது உள்ளே போனார் என்று நாங்கள் காணவில்லை. ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கியது. எங்கள் இருவரையும் தாண்டி நேரே அக்காவின் முன்னால் போய்க் குந்தி, அவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"புள்ள தானா மூச்சு எடுக்குது அம்மா. கண்ணத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசிட்டா. என்ன பேசினா தெரியுமா? 'பசிக்குது' எண்டா." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஆனா கேளுங்க. இப்ப ஒண்டும் குடுக்கப்படாது. ஒண்டும் எண்டா, சோறு இல்ல, தண்ணி இல்ல, பால் இல்ல, பழம் இல்ல, கொத்தமல்லி இல்ல. கோயில் தீர்த்தம் வேணாம். எங்கட ஆக்கள் ஆராச்சும் ஓதின தண்ணி கொண்டந்தாலும் வேணாம். திருநீறு பூசுங்க, வாயில போட வேணாம். எங்க, நான் சொன்னத எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பாப்பம்."